மௌனம் யாருடைய சம்மதம்?

ஏனாத்தூரில் ஒரு நிக்காஹ். காஞ்சி மாநகருக்குக் கிழக்கே, நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் எழும்பி நிற்கும் அந்த ஊரின் ஓரத்தில், ஓட்டு வீடு ஒன்றின் முன்னே பந்தல் போட்டிருந்தார்கள். பெண்ணின் தந்தை காஞ்சியில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பணியில் இருப்பவர். தாயார் வீட்டிலிருந்தபடியே தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பவர். மணப்பெண்ணுக்கு வயது பதினாறு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அன்று அதை எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மஜ்லிஸ் கூடிற்று. ஹஸரத் அவர்கள் தஃப்தரை விரித்து வைத்தார்கள். பெண்ணிடம் சம்மதம் கேட்டுவர வகீலோடு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றபோது, அருகில் அமர்ந்திருந்த என்னையும் எழுப்பி அனுப்பினார்கள். உள்ளறையில் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். முக்காட்டுக்குள் மணப்பெண் குனிந்திருந்தாள். வகீலாக வந்த தாய்மாமன் மாப்பிள்ளையின் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் மஹர் தொகையையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "சம்மதமாம்மா?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். பதில் இல்லை. மூன்றாம் முறை கேட்பதற்குள் மூலையிலிருந்த மூதாட்டி ஒருவர், "கொமரு வாயைத் தொறந்து சொல்லுமா? பேசாம இருந்தாலே சம்மதந்தான். போய் எழுதுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, சம்மதம் கிடைத்துவிட்டதென்று சபையில் சாட்சி சொன்னோம். அந்தத் தஃப்தரில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஓராண்டு நிறைவதற்குள் அந்தப் பெண் தாய்வீடு வந்து சேர்ந்தாள். இரவில் உறங்குவதில்லை, உண்பதில்லை, திடீரென்று பல்லைக் கிட்டிக்கொண்டு விழுந்துவிடுகிறாள் என்றார்கள். ஜின் தீண்டியிருக்குமென்று ஓதிப் பார்க்க அழைத்துப் போனார்கள், தாயத்தும் கட்டினார்கள். நலம் விசாரிக்கச் சென்ற என் துணைவியாரிடம் அவள் சொன்ன வார்த்தை இது: "மாமி, அன்னைக்கு மாமு கேட்டப்போ வேணாம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்திச்சு. கதவோரம் அத்தா நின்னு கண்ணைத் தொடச்சிக்கிட்டிருந்தாங்க. முழுங்கிட்டேன்."

அவள் விழுங்கிய அந்த ஒரு சொல்லைத்தான் நாங்கள் மூவரும் சம்மதமென்று சபையில் சொன்னோம். அன்றிலிருந்து இந்த மௌனத்தைப் பற்றி எண்ணாமல் இருக்க முடியவில்லை. நம் ஜமாஅத்துகளின் தஃப்தர்களில் இப்படி எழுதப்பட்ட சம்மதங்கள் எத்தனை? அதைச் சொன்னால் சமுதாயத்தைக் காட்டிக் கொடுப்பதாகும் என்று வாயை அடைக்க வருவோரை நோக்கியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கன்னியின் மௌனம் அவளது சம்மதம் என்பது ஸஹீஹான ஹதீஸ். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அந்த ஹதீஸ் எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பதை நம்மவர்கள் மறந்துபோனார்கள். கன்னிப் பெண்ணிடம் இசைவு கேட்காமல் மணமுடிக்கக் கூடாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் கட்டளையிட்டார்கள். அவள் நாணுவாளே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வினவியபோதுதான், அவள் பேசாதிருப்பதே இசைவு என்ற விளக்கம் வந்தது. கேட்டே ஆகவேண்டும் என்பது கட்டளை. மௌனம் பற்றியது நாணமுள்ள பெண்ணுக்குக் காட்டிய சலுகை. நாம் சலுகையைப் பிடித்துக்கொண்டு கட்டளையைக் கைவிட்டோம். நாணத்தால் வரும் மௌனத்துக்கும் அச்சத்தால் வரும் மௌனத்துக்கும் வேற்றுமை தெரியாதவர்களா நாம்? பெற்ற மகளின் முகத்தைப் பதினாறு ஆண்டுகள் பார்த்தவர்களுக்கா அது தெரியாது?

நம் முன்னோர்களான சட்ட அறிஞர்களுக்கு அந்த வேற்றுமை நன்றாகவே தெரிந்திருந்தது. வட தமிழகத்து முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய ஹிதாயாவைப் புரட்டிப் பாருங்கள். வலீயோ அவர் அனுப்பிய ஆளோ அல்லாத அந்நியர் கேட்டால் மௌனம் செல்லாது, வாய்திறந்து சொல்லவேண்டும். மணமகன் இன்னாரென்று அவளுக்கு விளங்கும்படி சொல்லியிருக்கவேண்டும். ஏளனமாகச் சிரித்தால் அது இசைவாகாது என்றெல்லாம் நுணுகி நுணுகி எழுதிவைத்திருக்கிறார்கள். பருவமெய்திய, அறிவுத் தெளிவுள்ள பெண்ணை எந்த வலீயும் நிர்ப்பந்திக்க முடியாதென்பது அந்த மத்ஹபின் உறுதியான தீர்ப்பு. கடற்கரைப் பட்டினங்களில் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபு கன்னி மகள் மீது தந்தைக்குக் கூடுதல் அதிகாரம் தருகிறது. எனினும் அங்கும் அவளைக் கேட்பதே விரும்பத்தக்கதென்று சொல்லப்பட்டிருக்கிறது.

தம் அந்தஸ்தை உயர்த்திக்கொள்வதற்காகத் தந்தை தன்னை உறவுக்காரருக்கு மணமுடித்து வைத்தாரென்று ஓர் இளம்பெண் நாயகத்திடம் முறையிட்டாள். முடிவை அவள் கையிலேயே ஒப்படைத்தார்கள் நாயகம் (ஸல்). அவளோ, தந்தை செய்ததைத் தான் ஏற்றுக்கொள்வதாகவும், இவ்விஷயத்தில் தந்தையருக்கு அதிகாரமில்லை என்பதைப் பெண்கள் அறியவேண்டுமென்றே வந்ததாகவும் சொன்னாள். இப்னு மாஜாவில் இடம்பெற்ற நிகழ்ச்சி இது. நம் ஊர் ஜும்ஆ மேடைகளில் கணவனுக்கு மனைவி ஆற்றவேண்டிய கடமைகளைப் பற்றி ஆண்டுக்கு எத்தனை பயான் கேட்கிறோம்! இந்தப் பெண்ணின் கதையை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

திருமறையின் அந்-நிஸா அத்தியாயத்து ஆறாம் வசனத்தையும் இவ்விடத்தில் நினைவூட்ட விரும்புகிறேன். அநாதைகளின் சொத்தை அவர்களிடம் ஒப்படைப்பது பற்றிய வசனம் அது. மண வயதை அடைந்தபின்னும், அவர்களிடம் பக்குவம் தென்படுகிறதா என்று சோதித்தறிந்தே சொத்தைக் கொடுக்கவேண்டுமென்று அது பணிக்கிறது. ஒரு தோப்பையும் வீட்டையும் ஒப்படைப்பதற்கே உடல் வளர்ச்சி போதாது, பக்குவம் வேண்டும். நம்மவர்களோ பதினாறு வயதுப் பெண்ணை நம்பி வங்கிப் புத்தகத்தைக் கொடுக்கமாட்டார்கள். ஒரு குடும்பத்தை, ஒரு கர்ப்பத்தை, மாமியார் வீட்டின் அத்தனை சுமையையும் அவள் தலையில் வைத்து அனுப்பிவிடுவார்கள்.

பெற்றோரைக் கல்நெஞ்சர் என்று நான் தூற்றவில்லை. கதவோரம் நின்று கண்ணைத் துடைத்த அந்தத் தந்தையை நான் அறிவேன். கடையில் நாளெல்லாம் நின்று, மற்றவர் வீட்டுத் திருமணங்களுக்கு ஆயிரக்கணக்கில் விலைபோகும் முகூர்த்தப் பட்டை விரித்துக் காட்டி மடித்து வைப்பவர் அவர். அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவளின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாமவளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்கவைத்தால் அதற்குமேல் படித்த மாப்பிள்ளை தேடவேண்டும். படித்த மாப்பிள்ளைக்குக் கைக்கூலி அதிகம். பெண்ணுக்கு வயது ஏறினால் அதற்கும் தனியாக ஒரு விலை. இந்தக் கணக்கை அவர் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. நாம் எல்லாரும் சேர்ந்து அவருக்குக் கற்பித்தோம். ஆண் பெண்ணுக்குக் கொடுக்கவேண்டியது மஹர் என்று மார்க்கம் சொல்ல, பெண்வீடு ஆணுக்குக் கொடுக்கும் கைக்கூலியைச் சீர் என்றும் அன்பளிப்பு என்றும் பெயர் மாற்றி வாங்கிக்கொள்ளும் சமுதாயம் இது. மஹரென்று தஃப்தரில் ஒரு சிறு தொகையை எழுதி அதற்குக் கீழே பெருமையாகக் கையெழுத்திடுகிறோம். அந்தத் தஃப்தரில் எழுதப்படாத தொகை எவ்வளவு என்பது ஜமாஅத்துக் காரியதரிசிக்கும் தெரியும், ஹஸரத்துக்கும் தெரியும், சாட்சிகளுக்கும் தெரியும். பெண்ணின் வயதைக் குறைப்பது இந்த எழுதப்படாத தொகைதான்.

அச்சம் மற்றொன்று. பெண் சமைந்துவிட்டால் வீட்டில் நெருப்பு இருப்பதாக எண்ணுகிறார்கள். இப்போது அந்த நெருப்புக்குக் கைபேசி என்று பெயர். எவனோடாவது பேசிவிடுவாளோ, போய்விடுவாளோ என்ற நடுக்கம். திருப்பெரும்புதூர்ப் பக்கம் மின்னணு ஆலைகள் வந்தபின், காஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து இளம்பெண்கள் நிறுவனப் பேருந்துகளில் ஏறி வேலைக்குச் செல்வதைத் தினமும் பார்க்கிறோம். 2006-ஆம் ஆண்டில் தொடங்கி 2014-ஆம் ஆண்டில் மூடப்பட்ட நோக்கியா ஆலையில் வேலைபார்த்த பெண்களிற் பலர் தங்கள் சம்பளத்தால் குடும்பக் கடன் அடைத்தவர்கள். அந்தப் பேருந்தைப் பார்த்து நம் தாய்மார்களுக்கு நம்பிக்கை வந்திருக்கவேண்டும், பயம்தான் வந்தது. கல்லூரிப் பேருந்தும் ஏனாத்தூர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது. வாசலிலிருந்து அதைப் பார்த்தபடி தார் சுற்றுகிறவள் என்ன நினைத்துக்கொள்வாள் என்று நாம் கேட்டதில்லை.

வளைகுடா மாப்பிள்ளையின் விடுப்பு வேறு இருக்கிறது. நாற்பத்தைந்து நாள் விடுப்பில் வருகிறவருக்குப் பெண் பார்த்து, பேசி, நிக்காஹ் முடித்து, விருந்து உண்டு, மீண்டும் விமானம் ஏற்றவேண்டும். பெண் யோசிப்பதற்கு அதில் ஒரு நாள்கூட ஒதுக்கப்படுவதில்லை. அவர் போனபின் அவள் அறியாத வீட்டில், அறியாத மனிதர்களோடு, ஈராண்டு காத்திருக்கிறாள்.

இள வயதுத் திருமணத்தால் உடலுக்கு நேரும் கேடுகளைப் பற்றி மருத்துவர்கள் நிரம்ப எழுதியிருக்கிறார்கள். மனத்துக்கு நேர்வதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை. பள்ளி, தோழியர், தன் அறை, தன் சொல் என்று இருந்தவை எல்லாம் ஒரே நாளில் அற்றுப்போகின்றன. தாயிடம் சொன்னால் "பொறுத்துப் போ" என்ற பதில். கணவனிடம் சொல்ல அவனை இன்னும் அறியவில்லை. சொல்ல வழியற்ற துயரம் உடம்பின் வழியாகப் பேசத் தொடங்குகிறது. தலைவலி, மூச்சடைப்பு, மயக்கம், உறக்கமின்மை, காரணமறியாத அழுகை. மருத்துவர்கள் இதற்கு மனச்சோர்வென்றும் பதற்றநோயென்றும் பெயர் சொல்கிறார்கள். நாம் ஜின் என்கிறோம். ஜின் உண்டென்பது நம் ஈமானில் உள்ளது. ஆனால் பதினாறு வயதில் கல்யாணம் செய்துவைத்த பெண்களையே தேடித் தேடி அது ஏன் பிடிக்கிறது என்று ஓதிப் பார்ப்பவர்களை யாராவது கேட்டதுண்டா?

துஆவை நான் குறைத்துப் பேசவில்லை. நோய்க்கு மருந்து செய்துகொள்ளுங்கள் என்று ஏவிய நபியின் உம்மத் நாம். மருந்தை விலக்கிவிட்டு மனநோயாளிகளைச் சங்கிலியில் வைத்திருந்ததன் விளைவை 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் கண்டோம். தனியார் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அந்தச் சாம்பலுக்குப் பிறகும் மனநல மருத்துவரிடம் போவதைக் குடும்ப மானத்துக்கு இழுக்கென்று மறைக்கிறோம். மறைப்பதற்குக் காரணம்கூட மீண்டும் கல்யாணம்தான்: அடுத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது!

நம் அண்டையிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை பத்தாண்டுக் காலம் நிகழ்ந்த இளையோர் மரணங்களை ஆராய்ந்து, 2004-ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பத்து முதல் பத்தொன்பது வயதுவரையுள்ள பெண்களில், ஆண்டொன்றுக்கு ஒரு லட்சத்துக்கு 148 பேர் என்ற கணக்கில் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஆண்களில் 58 பேர். அவ்வயதுப் பெண்களின் மொத்த மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். இவர்கள் எல்லாரும் மணமானவர்கள் அல்லர், முஸ்லிம்களும் அல்லர். குடும்பச் சச்சரவு, வீட்டு வன்முறை, தேர்வில் தோல்வி, நிறைவேறாத காதல், மனநோய் எனக் காரணங்கள் பல. ஆயினும் வடாற்காட்டு மண்ணில் பருவப்பெண்ணின் மனம் எவ்வளவு அழுத்தத்தைச் சுமக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2016-ஆம் ஆண்டில் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் நூற்றுக்கு 36.6 பேர் இந்தியப் பெண்கள் என்று 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னோர் ஆய்வு கணக்கிட்டது. பிற நாடுகளில் பெண்ணுக்குக் காப்பாக விளங்கும் திருமணம் இந்நாட்டில் அவ்வாறு காப்பாக அமையாததற்கு, இளவயது மணத்தையும் இளந்தாய்மையையும் பொருளாதாரச் சார்பையும் அந்த ஆய்வாளர்கள் காரணமாகச் சுட்டினார்கள். எத்தியோப்பியாவிலும் நைஜரிலும், செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலுங்கூட, சிறுவயதில் மணந்த பெண்களிடம் மனத்துயர் மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேசமும் மதமும் மாறினாலும் அந்த வயதின் மனம் ஒன்றுதான்.

இனி மறுப்பாளர்களிடம் வருகிறேன்.

"ஷரீஅத்தில் கைவைக்கிறார்கள்" என்பது முதற் கூச்சல். 1929-ஆம் ஆண்டு சாரதா சட்டம் வந்தபோதே இந்தக் கூச்சல் எழுந்தது. அதை எழுப்பியவர்கள் நம்மவர்கள் மட்டுமல்லர். இதே செங்கற்பட்டுப் பகுதியின் பிரதிநிதியாக மத்திய சட்டசபையில் அமர்ந்திருந்த எம். கே. ஆச்சார்யா, சனாதனத்தின் பேரால் அச்சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர். மௌலானா முஹம்மது அலீயும் ஜம்இய்யத்துல் உலமாவும் ஷரீஅத்தின் பேரால் எதிர்த்தார்கள். அவர்கள் இரு சாராரும் வேறெதில் ஒன்றுபட்டார்கள்? ஆனால் அதே சபையில் முஹம்மது அலீ ஜின்னா சாரதா மசோதாவை ஆதரித்துப் பேசினார் என்பதை ஏன் மறைக்கவேண்டும்? பெண்ணுக்குப் பதினான்கு என்று அன்று வகுத்த வயது, 1949-ஆம் ஆண்டில் பதினைந்தாகி, 1978-ஆம் ஆண்டில் பதினெட்டாயிற்று. 2006-ஆம் ஆண்டில் இன்றைய குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது. முஸ்லிம் பெண்களின் திருமணங்களில் அதிகாரிகள் தலையிடக் கூடாதென்று தொடுக்கப்பட்ட வழக்கை 2015-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது.

1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் யாருடைய முயற்சியால் வந்தது? மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ போன்ற உலமாக்கள், கணவனால் கைவிடப்பட்டுத் தவித்த பெண்களுக்காக மாலிக்கி மத்ஹபின் தீர்ப்புகளை எடுத்தாண்டு வழி திறந்ததன் விளைவு அது. பதினைந்து வயதுக்குமுன் தந்தையோ வலீயோ மணமுடித்துக் கொடுத்த பெண், இல்லறம் தொடங்காதிருந்தால், பதினெட்டு வயதாவதற்குள் அம்மணத்தை மறுத்துவிடலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. தந்தையே முடித்துவைத்த மணத்தை மறுக்கும் உரிமையைப் பழைய ஹனஃபி நூல்கள் பெண்ணுக்குத் தரவில்லை. இந்தச் சட்டம் தந்தது. அப்போது ஷரீஅத் அழிந்துபோகவில்லையே! முஸ்லிம் நாடுகளைப் பாருங்கள். எகிப்து 1923-ஆம் ஆண்டிலேயே பெண்ணுக்குப் பதினாறு என்று வகுத்தது. மொராக்கோ 2004-ஆம் ஆண்டில் பதினெட்டென்றும், உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியா 2019-ஆம் ஆண்டில் பத்தொன்பதென்றும் உயர்த்தின. அங்கெல்லாம் ஆலிம்கள் இல்லையா? கடல் கடந்து நம் மொழி பேசும் இலங்கை முஸ்லிம்களின் 1951-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயதையே வகுக்காமல் விட்டது. நிக்காஹ் பதிவில் மணமகளின் கையெழுத்தையும் கேட்கவில்லை. அதைத் திருத்தவேண்டுமென்று அங்குள்ள முஸ்லிம் பெண்களே பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்தார்கள். சலீம் மர்சூஃப் தலைமையில் 2009-ஆம் ஆண்டில் அமைந்த குழு தன் அறிக்கையைக் கொடுக்க 2018 வரை ஆயிற்று.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மணத்தை முன்னிறுத்தி வாதிடுவோருக்கு நான் அடக்கத்தோடு ஒன்றைக் கேட்கிறேன். நாயகத்தின் முதல் திருமணம் அன்னை கதீஜா (ரலி) அவர்களோடு நடந்தது. வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் சொல்கிறபடி அவருக்கு வயது நாற்பது; கைம்பெண்; சொந்தமாக வாணிபம் நடத்தியவர்; தாமே ஆளனுப்பி மணம் பேசியவர். கால் நூற்றாண்டு அவரோடு வாழ்ந்த நாயகம், அவர் உயிரோடிருந்தவரை வேறு மணம் செய்யவில்லை. இந்த சுன்னத்தைப் பின்பற்றித் தங்கள் இருபத்தைந்து வயது மகனுக்கு நாற்பது வயது விதவையைப் பேசி முடிக்க நம்மில் எத்தனை பெற்றோர் முன்வருவார்கள்? சுன்னத்தில் நமக்கு வசதியானதைப் பொறுக்கியெடுத்துக்கொள்ளும் உரிமையை யார் கொடுத்தார்?

மற்றொரு மறுப்பில் நியாயம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அஸ்ஸாமில் குழந்தைத் திருமணத்தின் பேரால் ஆயிரக்கணக்கானவர்களைப் போலீஸ் கைது செய்தது. கைதானவர்களின் இளம் மனைவியர் கைக்குழந்தைகளோடு காவல்நிலைய வாசலில் நின்று கதறினார்கள். பெண்ணைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அவள் சோற்றுக்கு வழியை அடைப்பது எந்த நீதி? அரசின் நோக்கத்தை நாம் ஐயுறுவதில் தவறில்லை. இவ்வழக்கம் நம்மிடம் மட்டும் உள்ளதுமில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இருபது முதல் இருபத்துநான்கு வயதுவரையுள்ள தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 12.8 பேர் பதினெட்டுக்குமுன் மணந்தவர்கள். இந்தியா முழுமைக்கும் 23.3. எல்லாச் சமூகத்தாரும் இதில் அடக்கம். கோர்வைச் சேலை நெய்யும்போது மறுகரை நாடாவை எறிந்து கொடுக்கப் பிள்ளைகளையே உட்காரவைத்துப் பழகிய ஊர் காஞ்சி. குழந்தைப் பருவத்தைச் சுருக்கி லாபம் பார்த்தது ஒரு மதத்தாரின் தனிச்சொத்தல்ல. சரி, பிறரிடமும் உள்ளது. அதனால் நம் மகளின் உறக்கம் திரும்பி வருமா? போலீஸ் நம் வீட்டுக்குள் வரக்கூடாதென்றால், அது வரவேண்டிய தேவை எழாதபடி ஜமாஅத்து நடந்துகொள்ளவேண்டும்.

"படித்து என்ன கிழிக்கப்போகிறாள்?" என்பாரும் உளர். நாகூரில் 1917-ஆம் ஆண்டில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பன்னிரண்டு வயதில் மணம், இளமையிலேயே கைம்மை. வீட்டுக்குள்ளிருந்தே படித்து, 1938-ஆம் ஆண்டில் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டு, தமிழ் முஸ்லிம் பெண் எழுத்தின் வாசலைத் திறந்தார். துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட சல்மா, மறைந்து மறைந்து எழுதிக் கவிஞரானார். 2001-ஆம் ஆண்டில் பேரூராட்சித் தலைவரானார். 2025-ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினரானார். இவர்களை மேடையேற்றிப் பெருமை பேசுகிறோம். அடைத்து வைத்தும் வெளிவந்த இருவரைக் காட்டி, அடைப்பதால் கேடில்லை என்று வாதிட்டுவிடாதீர்கள். வெளிவராமலே போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

என்ன செய்யவேண்டும்? பெரிய மாநாடுகள் வேண்டாம். நிக்காஹ் தஃப்தரைத் திறப்பதற்குமுன் பெண்ணின் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கவேண்டும். பதினெட்டு நிறையவில்லையென்றால், தலைவர் வீட்டுக் கல்யாணமாயினும் தஃப்தரை மூடிவிடவேண்டும். சம்மதம் கேட்பது கூட்டத்துக்கு நடுவே, பிரியாணி தம்மில் இருக்கும் நேரத்தில் நடக்கக்கூடாது. நிச்சயம் செய்வதற்கு முன்பே, குடும்பத்தைச் சாராத இரண்டு பெண்கள் அவளோடு தனித்துப் பேசவேண்டும். இன்று ஊருக்கு ஊர் நிஸ்வான் மதரஸாக்கள் இருக்கின்றன, ஆலிமாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜமாஅத்து இதைவிட உயர்ந்த பணி எதைத் தரப்போகிறது? அவள் வேண்டாமென்றால் அந்தச் சொல் தந்தையின் கோபத்துக்கு ஆளாகாமல் நிர்வாகத்துக்கு எட்ட வழி வேண்டும். நிர்வாகக் குழுவில் ஒரு பெண்கூட இல்லாத ஜமாஅத்து இதை எப்படிச் செய்யும் என்று கேட்பீர்களானால், அந்தக் கேள்வி சரியானதே. பெண்களின் வழக்கைப் பெண்கள் இல்லாமலே விசாரிக்கிறார்கள் என்று மனம் வெதும்பித்தான் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தைத் தொடங்கினார். அவரை வசைபாடிய அளவுக்கு, அவர் கேட்ட கேள்விக்கு நாம் பதில் சொன்னோமா?

பள்ளியை விட்டு நிறுத்துவதற்குப் பணமின்மையைக் காரணம் சொல்வோர், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தை அறிந்துகொள்ளட்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989 முதல் வழங்கப்பட்டுவந்த திருமண உதவித் திட்டமே 2022-ஆம் ஆண்டில் இவ்வாறு கல்வி உதவியாக மாற்றப்பட்டது. ஒரு பெண் கட்டாயப்படுத்தப்படுவதை அறிந்தால் 1098 என்ற எண்ணில் சொல்லலாம். மனம் தாளாமல் தவிப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இந்த எண்களைப் பள்ளிவாசல் பலகையில் தொழுகை நேரங்களுக்கு அருகே எழுதிவைப்பதில் என்ன குறை வந்துவிடும்?

ஏனாத்தூர்ப் பெண்ணைக் கடைசியில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். என் துணைவியார் பிடிவாதமாக நின்றதால் அது நடந்தது. மருந்து உண்கிறாள், இப்போது உறங்குகிறாள். கணவன் வீட்டாரோடு பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. தாயோடு அமர்ந்து மீண்டும் தார் சுற்றுகிறாள். பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். அவள் தங்கைக்கு இப்போது பதினான்கு வயது.

ரமளான் கழிந்து ஷவ்வால் பிறந்ததும் கல்யாணங்கள் தொடங்கும். ஜமாஅத்துக் காரியதரிசிகள் தஃப்தர்களை எடுத்துத் தூசி தட்டுவார்கள். தட்டும்போது பக்கங்களைக் கொஞ்சம் பாருங்கள், அண்ணன்மாரே. மஹருக்குக் கட்டம் இருக்கிறது, வலீக்கு, வகீலுக்கு, சாட்சிகளுக்குக் கட்டம் இருக்கிறது. பெண்ணின் பிறந்த தேதிக்குக் கட்டம் இருக்கிறதா? இருந்தால், அதில் கடந்த ஐந்து ஆண்டுகளில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?